பேஸ் குழாய்க்குப் பின்னால் நிற்பவர்

நான் கட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ரேடியேட்டர் பட்டறை கட்டினேன். துறைமுகத்துக்கு ஓடிய லொறிகளில் பாதி கொதித்துப்போய் அங்கேதான் வந்து நின்றன. வத்தளையில் மேல்மாடி வைத்து ஒரு வீடு கட்டினேன். மேசன் பாஸ் ஒருவர் கல் வைத்தார், சாந்து குழைத்துக் கொடுத்தது நான். மூன்று பெண்பிள்ளைகளை அவர்கள் போதும் என்று சொல்லும்வரை படிக்கவைத்தேன். எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு பேண்ட் கட்டினேன். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தெழுந்த வரிசை வீட்டில் பிறந்தவன். எனக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எனக்குத் தெரியும்.

பட்டறையை நான் கட்டவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டையும் சொல்லவில்லை. பேண்டைத்தான் சொல்கிறார்கள்.

பேண்டுக்கு ஐம்பது வருடம் ஆகிறதாம். பொன்விழா மலர் அடிக்கப் போகிறார்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் எல்லாரும் பார்க்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மகள் போனை என் கையில் தந்தாள். எனக்கு வாசிக்கத் தெரியும். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டேன்.

நாலாம் பக்கத்தில் பேண்டின் முதல் படம். கோயில் மண்டபப் படிக்கட்டில் பதினான்கு பேர் நிற்கிறோம். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். பெரிய மேளத்தைத் தூக்க வந்து இரண்டு மாதத்தில் ஓடிப்போன ஆளின் பெயர்கூட இனிஷியலோடு இருக்கிறது. என் இடத்தில் இப்படி இருந்தது: "பேஸ் குழாய்க்குப் பின்னால் நிற்பவர் – பெயர் தெரியவில்லை."

பேஸ் என்றால் தோளில் கயிறு மாட்டித் தூக்கி ஊதும், எல்லாவற்றிலும் பெரிய பித்தளைக் குழல். படத்தில் என் முகம் தெரியாது, உண்மைதான். படம் எடுக்க வந்த ஸ்டூடியோக்காரர், அந்தப் பெரிய வாய் மின்னுகிறது, அதை என் பக்கம் திருப்பிப் பிடியுங்கள் என்றார். மூன்று நாள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தவன் நான். மின்னாமல் என்ன செய்யும். திருப்பிப் பிடித்தேன். என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் விழுந்திருக்கிறது. இரண்டு கைகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் படத்தக் காட்டித்தான் எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்தாங்க" என்றாள். "மூஞ்சி தெரியாததாலதான் எங்கப்பா சரின்னாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாம் பக்கத்துக்குப் போனேன். அங்கே மாஸ்டரின் கட்டுரை.

மாஸ்டர் என்பவர் வெள்ளவத்தையில் கடல் தெரியும் ஃபிளாட்டில் இருப்பவர். வெளிநாட்டுப் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணியவர். நாலு வருடத்துக்கு முன் புதிதாக வந்த பாதர் அவரை அழைத்து வந்து பேண்டை ஒப்படைத்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏசி போட்ட காரில் வந்து இறங்கி, எங்கள் மண்டபத்து ஃபேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குச்சியை எடுத்து ஆட்டுகிறார். ஒரு நாளும் அவர் எங்களோடு தெருவில் நடந்ததில்லை. பவனி புறப்படும் வாசலில் ஆட்டுவார், பிறகு கார் எடுத்துப் பவனி முடியும் வாசலில் வந்து நிற்பார்.

பித்தளை வாத்தியங்களில் எது கஷ்டம், எது லேசு என்று அவர் வரிசை போட்டு எழுதியிருந்தார். முதலாவது பிரெஞ்ச் ஹோர்ன். இரண்டாவது ட்ரம்பெட். பிறகு ட்ரொம்போன், அதன் பிறகு யூபோனியம். கடைசியில் பேஸ். பேஸுக்கு ஒரே ஒரு வரி. நல்ல மூச்சும் பொறுமையும் உள்ள எவரும் குறுகிய காலத்தில் பழகிக்கொள்ளலாமாம்.

எவரும்.

அந்தக் கட்டுரையின் கடைசியில் போன வருடத் திருவிழா வருகிறது. "பவனியின்போது ஏற்பட்ட சிறு தடங்கலில் பக்தர் ஒருவர் உதவினார்" என்று இருக்கிறது. அந்தப் பக்தரும் நான்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் பெயர் தெரியாதவன், போன வருடம் பக்தர் ஒருவர். நடுவில் நான் எங்கே போயிருந்தேன் என்று மலர் சொல்லவில்லை.

ஆகவே நானே சொல்கிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தினாள். விஷயத்தில் கை வைக்க விடவில்லை.

பேண்ட் ஒரு சாக்கிலிருந்து வந்தது. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் பட்டறை வாசலில் அந்தச் சாக்கைக் கொட்டினார். ஏதோ ஒரு பழைய கிளப்பின் பின்னறையில் கிடந்த வாத்தியங்களாம். எல்லாம் நெளிந்து, பச்சை பிடித்து, ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கிடந்தன. பித்தளையை வெட்டி ரேடியேட்டருக்கு ஒட்டுப்போட வைத்துக்கொள் என்றார். தகரம் வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தேன். அதில் பெரியது பேஸ். பெரியதில்தான் தகடு அதிகம் என்று அதைத்தான் முதலில் இழுத்தேன்.

பட்டறையில் ஒரு சீமெந்துத் தொட்டி உண்டு. ரேடியேட்டரின் ஒரு வாயை ரப்பரால் அடைத்து, மற்ற வாயில் காற்றை விட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டை எங்கே என்று குமிழி காட்டும். எதை வெட்டும் முன்பும் தொட்டியில் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். பேஸையும் போட்டேன். அவ்வளவு பெரிய குழாயில் இரண்டே இடத்தில் குமிழி வந்தது. அன்று காலை வந்த புது லொறி ரேடியேட்டரில் ஐந்து இடம். இரண்டு ஓட்டைக்காகவா வெட்டுவது என்று கத்தரியை வைத்துவிட்டு ஈயத்தைக் காய்ச்சினேன். அன்று அவசரப்பட்டு, உருகிய ஈயம் இடது பெருவிரலில் விழுந்தது. அந்த நகம் பிறகு முளைக்கவேயில்லை. ஒட்டு ஆறியதும் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். கூரைத் தகரம் அதிர்ந்து, தெருவில் போன ஒருவர் லொறி ஏதும் மோதிவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

மற்றதையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். திருத்துவது என்றால் ஊதித்தான் ஆகவேண்டும். ஊதாமல் ஓட்டை தெரியாது. மூன்று மாதத்தில் பதினொரு வாத்தியத்தையும் என் வாய் தொட்டுவிட்டது. அவற்றை ஒரு கைவண்டியில் ஏற்றி அப்போதிருந்த பாதரின் முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். அவர் கோபுரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். பேண்ட் தொடங்கியது அப்படித்தான். மலரில், "நலன்விரும்பிகளின் முயற்சியால்" என்று இருக்கிறது.

எது கஷ்டம் என்று மாஸ்டர் பரீட்சைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார். நான் தொட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

ட்ரம்பெட். சின்ன வாய், சின்னக் குழாய், நெருக்கமான காற்று. மேல் சுரத்துக்குப் போகும்போது உதட்டைப் பல்லோடு வைத்து நசுக்கவேண்டும், அரை மணித்தியாலத்தில் உதடு செத்துப்போகும். அது கஷ்டம்தான். நானே முயன்றிருக்கிறேன், மேல் சுரம் எனக்கு ஒரு நாளும் சுத்தமாக வந்ததில்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் ட்ரம்பெட்காரனுக்கு வேறொரு நோய் உண்டு. ஒரு சுரம் சரியாக வந்தால் தெரு முழுக்க அவனைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். உதடு களைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு வாத்தியத்தை இறக்கித் துடைப்பார்கள், துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. நான் திருத்திய ட்ரம்பெட்டுகளில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய் போட்டுக் கெடுத்தவை. தலைக்குப் போடுவதையே வால்வுக்கும் போடுவார்கள். அது பிசினாக இறுகி வால்வு கீழே போய் மேலே வராது. பிறகு வாத்தியம் சரியில்லை என்பார்கள்.

ட்ரொம்போன். வால்வு இல்லை, இழுக்கிற குழாய்தான். எங்கே நிறுத்தவேண்டும் என்று குழாயில் கோடு போட்டிருக்காது, காதுதான் சொல்லவேண்டும். காது இல்லாதவன் ட்ரொம்போன் எடுத்தால் பூனையை மிதித்த மாதிரி இருக்கும், எங்கள் பேண்டில் அப்படி ஒருவர் ஒன்பது வருடம் இருந்தார். அதுவும் கதிரையில் இருக்கும்போதுதான். எங்கள் தெருக்களில் முன்னால் போகிறவரின் பிடரியில் படாமல் குழாயை நீட்டுவது ஒரு வித்தை. ஒருமுறை ஒரு த்ரீவீலின் கண்ணாடி போய்விட்டது. அதனால்தான் ட்ரொம்போன்காரரை முன்வரிசையில் விடுவார்கள். அவர்களோ திறமைக்காக முன்னால் விட்டதாக வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

பிரெஞ்ச் ஹோர்ன். மாஸ்டரின் முதலிடம். சாக்கில் ஒன்று இருந்தது. சுருட்டிய குழாய் நீளம், சுரங்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கிக் கிடக்கும், ஒரு மயிரிழை தவறினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் வாய் பின்னால் பார்க்கும். தெருவில் அதை ஊதினால் சத்தம் எல்லாம் பின்னால் வருகிறவருக்குத்தான். எங்கள் பேண்டில் ஒருவரும் அதைத் தூக்கி ஒரு பவனிகூட நடந்ததில்லை. நடக்காத ஒன்றுக்கு முதலிடம். யூபோனியம் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது மடியில் குழந்தை மாதிரி இருக்கும். அதை ஊதுகிறவர்கள் எல்லாரும் உடம்பு வைத்துவிடுகிறார்கள்.

இனி பேஸ். பேஸ் வாயில் உதட்டை நசுக்கினால் சத்தம் வராது. உதட்டைத் தளர்த்தி, சூடான காற்றை வயிற்றிலிருந்து எடுத்துக் கொட்டவேண்டும். ஒரு மூச்சு முழுவதும் இரண்டு தாள அடிக்குப் போதாது. ஊதியதும் சத்தம் வராது, அவ்வளவு குழாயைச் சுற்றி வரத் தாமதமாகும், ஆகையால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஊதவேண்டும். முன்னால் என்றால் எவ்வளவு என்று எந்த மாஸ்டரும் எழுதித் தரமாட்டார். கயிறு தோளை அறுக்கும். மெட்டு கிடையாது, ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் பேஸுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மூச்சு குளிர்ந்து குழாயில் சேரும் தண்ணீரை வெளியே விடும் சாவி எப்போதோ உடைந்து, அந்த இடத்தை நான் ரேடியேட்டர் ஒட்டால் அடைத்துவிட்டேன். ஆகவே நடந்துகொண்டே மூன்றாவது வளைவுக் குழாயைக் கழற்றி, கவிழ்த்து, மறுபடி சொருகவேண்டும். நான்கு அடிக்குள். நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

எங்கள் கோயில் வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும், அது தெரியாமல் மிச்சம் விளங்காது. பவனியில் பேஸ் கடைசி வரிசையில் நடக்கும். அதற்கு நேர் பின்னால் சுருவக்கூடு, மாதாவின் சிலையை வைத்துத் தூக்கும் கூடு. பதினாறு பேர் தோளில் சுமப்பார்கள், பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஆட்கள், தமிழரும் சிங்களவரும். கூட்டுக்கு அடியில் நிற்பவனுக்குத் தன் கால் தெரியாது. பெரிய மேளம் இருக்கிறதே என்பீர்கள். மேளத்தின் அடி இரண்டு பக்கக் கடைச் சுவரிலும் பட்டு இரண்டாகத் திரும்பி வரும், எது முந்தியது என்று தெரியாது. பேஸ் அப்படியில்லை, அது தரைவழியாக உள்ளங்காலுக்கு வரும். அவர்கள் கால் வைப்பது அதற்குத்தான். ஊதத் தொடங்கிய நாளிலிருந்து இது எனக்குத் தெரியும். மாஸ்டருக்கு இன்றைக்கும் தெரியாது.

போன வருடம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் எனக்கு இருதயத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மாஸ்டர் வீடு தேடி வந்தார். அன்னாசிப்பழம் ஒன்று கொண்டுவந்தார்.

"ஐயா, உங்கட உடம்புக்காகத்தான் சொல்லுறன்" என்றார். "இந்த முறை நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ. பேஸுக்கு எங்கட பேங்க் தம்பியைப் போடலாம்."

பேங்க் தம்பி மாஸ்டரின் ட்ரம்பெட்காரர். வெள்ளவத்தையில் ஏதோ ஒரு வங்கியில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும், நெஞ்சும் தோளும் நன்றாக இருக்கும்.

"அவரு ட்ரம்பெட்டாச்சே" என்றேன்.

"ட்ரம்பெட் வாசிக்கிற ஆளுக்கு பேஸ் ஒரு மணித்தியால வேலை."

"அப்ப மத்த நாளெல்லாம் என்ன செய்யப் போறாரு?"

மாஸ்டர் அன்னாசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒத்திகையைப் பார்க்கப் போனேன். மண்டபத்தில், கதிரையில் இருந்து, ஃபேனுக்குக் கீழே, பேங்க் தம்பி அரை மணித்தியாலம் ஊதினார். நன்றாகவே ஊதினார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் தண்ணீர் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று மனைவி இப்போதும் சொல்கிறாள். ஒரு மணித்தியால வேலைக்கு நான் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்.

திருவிழா அன்று பின்னேரம் நாலு மணி வெயில். நான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு மனைவியோடு கூட்டத்துக்குள் நடந்தேன், பேஸுக்கு இரண்டு முழம் தள்ளி. கடைத்தெரு வரை சரியாகப் போனது. ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் குழாய்க்குள் களகளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சேர்ந்துவிட்டது. பேங்க் தம்பி ட்ரம்பெட்காரன் செய்வதைச் செய்தார்: சத்தம் கெட்டால் இன்னும் இறுக்குவார்கள். உதட்டை நசுக்கினார். சத்தம் இன்னும் செத்தது. மூச்சை இழுத்து இழுத்துக் கொட்டினார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. இரண்டு தாள அடியைத் தவறவிட்டார். பிறகு நின்றேவிட்டார்.

முன்னால் ட்ரம்பெட்டுகள் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன.

பின்னால் கூட்டின் இடப்பக்கத்தார் கால் வைத்தார்கள், வலப்பக்கத்தார் வைக்கவில்லை. கூடு சாய்ந்தது. மேலே கட்டியிருந்த பூச்சரம் ஒன்று அறுந்து என் முன்னால் விழுந்தது. பெண்கள் மாதாவே என்று வாயைப் பொத்தினார்கள். கூட்டின் முன்கொம்பைப் பிடித்திருந்தவர் என் பட்டறைக்கு லொறி கொண்டுவந்த சிங்களவர். தோள் நடுங்கக் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்தார்.

"அய்யே, பேஸ் எக பிம்பின்ன" என்றார். பேஸை ஊது என்று.

மெழுகுதிரியை மனைவியிடம் கொடுத்தேன்.

"நெஞ்சுல குழாய் வச்சிருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"அதுல ஓட்டை இல்ல. டாக்டர் பார்த்துட்டாரு."

பேங்க் தம்பியின் தோளிலிருந்து கயிற்றைக் கழற்றினேன். "அங்கிள், கண்ணெல்லாம் இருட்டுது" என்றார்.

"குந்துங்க தம்பி. தலையக் குனிஞ்சு குந்துங்க. எழும்பாதீங்க."

மூன்றாவது வளைவைக் கழற்றிக் கவிழ்த்தேன். அரை டம்ளர் தண்ணீர் ரோட்டில் விழுந்தது. சொருகினேன், ஊதினேன். முதல் அடிக்குக் கூடு நின்ற இடத்தில் நிமிர்ந்தது. இரண்டாவதுக்கு வலப்பக்கம் கால் வைத்தது. மூன்றாவதுக்கு எல்லாரும். ஏற்றம் முழுக்க, பிறகு பெரிய ரோட்டைச் சுற்றிக் கோயில் வாசல் வரை, நான்தான் ஊதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இரண்டே சுரம். அந்த இரண்டையும் இடத்தில் போட்டேன். தெருவில் நூறு போன்கள் படம் பிடித்தன. எல்லாம் ட்ரம்பெட் வரும்போது தூக்கியவை, பேஸ் வருமுன் இறக்கியவை. வாசலில் மாஸ்டர் காரில் வந்து இறங்கி நின்று, கடைசி அடிக்குக் குச்சியை ஆட்டினார்.

அடுத்த கிழமை முழுவதும் நான் கட்டிலில் கிடந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனைவி எழுதிவிடுவாள்.

மலரை வாசித்த அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். மாஸ்டர், பாதர், பேங்க் தம்பி மூவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"படத்துல பேஸ் பிடிச்சிருக்கறது நான்" என்றேன். "பெயரப் போடுங்க."

மாஸ்டர் கோப்பையை மெதுவாக வைத்தார். "ஐயா, கோவிக்கக்கூடாது. முகம் தெரியேல்லை. அதில நிக்கிறது தான்தான் எண்டு வேற ரெண்டு பேரும் சொல்லினம்."

"ரெண்டு பேரா?"

"ஓம். ஒராள் கனடாவில இருந்து மெசேஜ் போட்டிருக்கிறார். மற்றவற்ற மகன் வந்து சொல்லிட்டுப் போனவர். நாங்கள் ஆற்ற பெயரைப் போடுறது? அதுதான் ஒருத்தற்ற பெயரும் வேண்டாம் எண்டு விட்டனாங்கள்."

லேசு என்று ஒரு வரியில் முடித்த வாத்தியத்துக்கு, கனடாவிலிருந்துகூட ஆள் வருகிறது.

"பேஸ் லேசுன்னு எழுதியிருக்கீங்களே மாஸ்டர். அத தூக்கிட்டு நடந்திருக்கீங்களா?"

"நடக்கிறது சங்கீதத்தில சேராது, ஐயா."

"அப்ப நீங்க பவனிக்கு வராதீங்க. பேண்ட் இருக்கறதே நடக்கத்தான்."

பாதர் இருமினார். "பெரியவர், ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுமையா கதைப்போமே. ஏதாவது அடையாளம் இருக்கா?"

"போன குடுங்க" என்றேன். மாஸ்டர் படத்தைத் திறந்து தந்தார். எனக்கு விரலால் பெரிதாக்கத் தெரியாது, பேங்க் தம்பியிடம் நீட்டினேன். "அந்தக் கைய மட்டும் பெருசா காட்டுங்க. இடது கை. குழாய் விளிம்பப் பிடிச்சிருக்கு பாருங்க."

அவர் பெரிதாக்கினார். பித்தளை விளிம்புக்குப் பின்னால் நான்கு விரல், முன்னால் பெருவிரல். பெருவிரலில் நகம் இல்லை. நான் என் இடது கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈயம் கொட்டிய பெருவிரல், அன்றைக்கு இருந்த மாதிரியே மொட்டையாக. அந்த பேஸைத் திருத்தும்போது பட்ட காயம், அந்த பேஸைப் பிடித்திருக்கும் படத்தில் இருக்கிறது. கனடாக்காரருக்கு இருந்தால் அவர் காட்டட்டும்.

பேங்க் தம்பி மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்டர், அங்கிள்ட கைதான்" என்றார். பிறகு, கேட்காமலே, "எனக்கு அண்டைக்கு ஏற்றத்தில பத்து நிமிசம் முடியேல்லை. நீங்கள் அதை 'எவரும்' எண்டு எழுதியிருக்கக்கூடாது" என்றார்.

நல்ல மனிதர். ட்ரம்பெட் ஊதுவதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை.

மாஸ்டர் போனை வாங்கி இன்னொருமுறை பெரிதாக்கினார். என் கையைப் பார்க்கவில்லை. "சரி. ஆனா பக்கமெல்லாம் செட் பண்ணி முடிஞ்சுது" என்றார். "இனி ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கத்து விளம்பரம் தள்ளுப்படும்."

பாதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்ப்போம், பெரியவர்."

பார்ப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பட்டறையில் திருத்த முடியாத ரேடியேட்டரைக் கொண்டுவந்தவர்களுக்கு நானும் அதைத்தான் சொன்னேன்.

மலர் அடிக்கிறவர்களே, இடம் இல்லை என்றால் இடம் எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன். ஆறாம் பக்கத்தில் பேஸைப் பற்றிய அந்த ஒரு வரியை எடுங்கள். "நலன்விரும்பிகளின் முயற்சியால்" என்பதை எடுங்கள், முயற்சி செய்த நலன்விரும்பிகள் எவரையும் நான் பட்டறைப் பக்கம் கண்டதில்லை. "பக்தர் ஒருவர்" என்பதை எடுங்கள். "பெயர் தெரியவில்லை" என்பதை எடுங்கள். இவ்வளவையும் எடுத்தால் விளம்பரம் ஒரு நூலும் தள்ளுப்படாது.

என் பெயர் தெரியாவிட்டால் ஞானஸ்நானப் புத்தகம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது, திறந்து பாருங்கள். அந்தப் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு, படத்துக்குக் கீழே போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில், வாத்தியங்களைத் திருத்தியவர், பேண்டைத் தொடங்கியவர், பேஸ் ஊதியவர் என்று போடுங்கள். மூன்றும் வரவேண்டும். இரண்டைப் போட்டு ஒன்றை விட்டால், அச்சடித்த மலர் முழுவதையும் நான் அச்சகத்துக்கே திருப்பி அனுப்புவேன்.